சிவகாசி அச்சகத்துக்காரன் சொல்லும் வாட்டர்கலர் பாடம்: ஆன்லைன் வகுப்பில் பூ வரையக் கற்பது எப்படி

ஆன்லைனில் வாட்டர்கலர் கற்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். இதை ஓவியன் என்ற தகுதியில் சொல்லவில்லை. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் காலண்டர் தாள்களுக்கு நிறம் சரிபார்ப்பது என் பிழைப்பு. கம்ப்யூட்டரில் தகதகத்த ரோஜா தாளில் ஏறியதும் மங்கிவிட்டதாக வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்தே தலை நரைத்தவன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. ஆசிரியர் வீடியோவில் இழுக்கும் இளஞ்சிவப்பில் அவருடைய கேமராவுக்கும் உங்கள் போனுக்கும் பங்கு உண்டு. அதே இளஞ்சிவப்பு தன் தாளில் வரவில்லையே என்று பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றிச் சேறாக்கிவிட்டு, ‘நமக்குக் கை வராது’ என்று பெட்டியை மூடியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

வகுப்பில் கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான். பிரஷ் எவ்வளவு தண்ணீர் சுமக்கிறது, எந்த ஈரத்தில் இருக்கும் தாளில் அதை வைக்கிறார், வைத்த பிறகு எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார் என்பவை புத்தகத்தில் கிடைக்காதவை. வீடியோவில் மட்டுமே கிடைக்கும். பூவின் வடிவத்தையும் நிறத்தையும் உங்கள் வீட்டு வாசலில் பூத்திருக்கும் பூவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் லண்டனில் இருந்துகொண்டு பியோனி வரைவார். நாம் பியோனியைக் கண்ணால் கண்டதில்லை. கண்டிராத பூவைத் திரையிலிருந்து பிரதி எடுத்தால் மிஞ்சுவது பிரதியின் பிரதி.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு சோதனை போதும். ஓவியம் முழுவதும் உண்மையான வேகத்தில் ஓடுகிறதா? வேகமாக ஓடவிட்ட வீடியோக்களைப் பார்க்க அழகாக இருக்கும், கற்க உதவாது. அவற்றில் காயும் நேரம் வெட்டப்பட்டிருக்கும். ஈரமாக மின்னிய இதழ் அடுத்த நொடி காய்ந்து கிடந்தால், பாடத்தின் முக்கியமான பகுதி கத்தரியில் போய்விட்டது என்று பொருள். பாதி வேகத்தில் ஓடவிட்டாலும் வெட்டிய நேரம் திரும்பி வராது. பணம் கட்டிச் சேர்ந்த ஒரு வகுப்பில் ‘அடுத்த அடுக்குக்குப் போகலாம்’ என்ற ஒரு வரியில் அந்த ஆசிரியை எல்லாக் காத்திருப்பையும் தாண்டிப் போனார். வண்ணத் தட்டும் தண்ணீர்க் குவளையும் சட்டகத்துக்குள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். தட்டில் வண்ணம் குழம்பாக இருக்கிறதா, தேநீராக இருக்கிறதா என்பது தெரியாமல் பிரஷின் ஓட்டம் புரியாது. மொழி பெரிய தடையில்லை. நான் ஒலியை அணைத்துவிட்டே பல பாடங்களைப் பார்க்கிறேன்.

முதல் தடவை பார்க்கும்போது பிரஷைத் தொடாதீர்கள். கூடவே வரைந்தால் கண் திரைக்கும் தாளுக்கும் தாவிக்கொண்டிருக்கும், அதற்குள் தாள் காய்ந்துவிடும். முழுதாகப் பாருங்கள். பிரஷைத் தண்ணீரில் முக்கும் இடங்களையும் துணியில் ஒற்றும் இடங்களையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல ஆசிரியர்கள் எத்தனை முறை ஒற்றுகிறார்கள் என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிறகு திரையை அணைத்துவிட்டு வரையுங்கள்.

பொருள்களில் காசு போக வேண்டியது தாளுக்கு. வண்ணம் மலிவாக இருக்கலாம், பிரஷும் இருக்கலாம், தாள் கூடாது. பள்ளி வரைநோட்டில் எந்த மேதை வந்தாலும் இதழ் வராது. தண்ணீர் பட்டதும் தாள் சுருண்டு, குழியில் வண்ணம் தேங்கும். 300 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி, கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள தாள்) என்று கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில், அவ்வளவுதான். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அட்டைகூட 300 ஜிஎஸ்எம்மில் கிடைக்கும், அதில் வாட்டர்கலர் பூசினால் மேலேயே வழுக்கி நிற்கும். வித்தியாசம் தாளில் இருக்கும் பசையில் இருக்கிறது. வாட்டர்கலர் தாளுக்கு ஜெலட்டினோ மாவுப் பசையோ ஏற்றியிருப்பார்கள். தண்ணீரை உடனே உறிஞ்சாமல் கொஞ்ச நேரம் மேலே நிறுத்தி வைப்பது அதுதான். ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே கறையாக இறங்கினால் பசை போதவில்லை. ஈரக்காற்றில் பல மாதம் கிடந்தாலும் பசை கெடும். அப்படிப்பட்ட தாளில் பூசும்போது அங்கங்கே திட்டுத் திட்டாக வண்ணம் இறங்கி, இதழுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். மழைக்காலத்தில் தாளைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள்.

வெளிநாட்டுத் தாள் விலை தாங்காது என்றால் புதுச்சேரி இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணித் துண்டுகளிலிருந்து காகிதம் செய்கிறது. கைக்காகிதம் எல்லாமே வாட்டர்கலருக்கு ஆகாது. ஒரு தாள் வாங்கிச் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். எந்தத் தாளானாலும் ஏ4 அளவை நான்காகக் கிழித்துக்கொள்ளுங்கள். பெரிய தாளைப் பார்த்தால் கை நடுங்கும், கால் தாளைப் பார்த்தால் நடுங்காது.

வண்ணத்துக்கு 24 நிறப் பெட்டி வேண்டாம். சற்றே எலுமிச்சைச் சாயலுள்ள ஒரு மஞ்சள், குயினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா. ஐந்து போதும். டியூபின் முதுகில் பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு அச்சிட்டிருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு அதைப் படியுங்கள், ஏனெனில் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரோஸுக்குப் பிவி 19, அல்ட்ராமரைனுக்குப் பிபி 29, தாலோ நீலத்துக்குப் பிபி 15. இந்தப் பிபி 15 குடும்பம்தான் அச்சில் சயான் என்று நாங்கள் சொல்லும் நீல மையிலும் இருக்கிறது. வெயில் படும் சுவரில் தொங்கும் காலண்டரில் சாமி படம் மெல்ல மெல்ல நீலம் பூத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மையும் வெளுத்தபின் கடைசிவரை நிற்பது அந்த நீலம். வாட்டர்கலரிலும் இந்தக் கதை உண்டு. பூ வரைபவர்களை மயக்கும் ஓபரா ரோஸ் என்ற பளீர் இளஞ்சிவப்பில் ஒளிரும் சாயம் கலந்திருக்கிறது, வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பிஆர் 83 என்று குறித்த அலிசரின் கிரிம்சனும் அப்படியே. பயிற்சிக்குப் பரவாயில்லை. யாருக்காவது சட்டம் போட்டுக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் தொடாதீர்கள்.

பிரஷ் ஒன்று போதும். வட்ட முனை, 8ஆம் எண், செயற்கை மயிர். நனைத்து உதறினால் முனை ஊசிபோல் கூட வேண்டும், கூடாவிட்டால் கடையிலேயே வைத்துவிடுங்கள். கலக்குவதற்கு வெள்ளைப் பீங்கான் தட்டு, கழுவ ஒரு குவளை, சுத்தமான தண்ணீருக்கு இன்னொன்று. போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் இரண்டாவது குவளைக்காவது குடிதண்ணீர் பயன்படுத்துங்கள்.

இனி தண்ணீர். பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். அதிலும் நம் ஊர் வெயிலில் தோற்பது எளிது. குளிர்நாட்டு ஆசிரியர் தாளை நனைத்துவிட்டு நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார், அவருடைய தாள் ஈரமாகவே இருக்கும். சித்திரை மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே நீங்கள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்திருக்கும். விசிறியை நிறுத்துங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும், நெற்றித் துளி தாளில் விழாமல் தோளில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். அதிகாலையில் வரைவது இன்னும் நல்லது. பூவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஓர் இதழை மட்டும் நனையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ், காயவே காயாது. அப்போது வீடியோவின் வேகமும் உங்கள் வேகமும் ஓரளவு ஒத்துப்போகும்.

தாளின் ஈரத்தைக் கண்ணால் படிக்கப் பழக வேண்டும். தாளை ஜன்னலுக்கு எதிரே வைத்து, கண்ணைத் தாள் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் குளமாக நிற்கும், வெளிச்சம் அதில் அலையும். இப்போது வண்ணம் வைத்தால் கட்டுப்பாடில்லாமல் ஓடிவிடும். கொஞ்சம் பொறுத்தால் குளம் வற்றி, தாளின் சொரசொரப்பு மேலே தெரிய ஆரம்பிக்கும், ஆனால் சீரான ஒரு பளபளப்பு மிச்சமிருக்கும். அதுதான் நேரம். அப்போது வைக்கும் வண்ணம் மெதுவாகப் பரந்து, விளிம்பு மென்மையாக நின்றுவிடும். அதையும் தாண்டினால் பளபளப்பு செத்து, தாள் மங்கலாகத் தெரியும். பார்த்தால் காய்ந்த மாதிரி, புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். இந்தக் கட்டத்தில் மட்டும் ஈரப் பிரஷைக் கொண்டுபோகாதீர்கள். புதிதாக வந்த தண்ணீர், காய்ந்துகொண்டிருக்கும் நிறமியை வெளியே தள்ளிக்கொண்டு போய், காலிஃப்ளவர் விளிம்புபோல ஒரு கறையை உண்டாக்கிவிடும். சில்லென்ற உணர்வு போனபிறகே அடுத்த அடுக்கு.

இதற்குப் பயிற்சி எளிது. ஓர் இதழ் வடிவத்தை வெறும் தண்ணீரால் வரையுங்கள். பளபளப்பு சீரானதும் அடியில் மட்டும் ரோஸ் தொடுங்கள். அது மேலே ஏறி நீர்த்துப்போகும்வரை கை வைக்காமல் பாருங்கள். பக்கத்தில் இன்னோர் இதழ், பிரஷில் இன்னும் கொஞ்சம் வண்ணம். ஒரு கால் தாளில் பத்து இதழ் அடங்கும். காய்ந்ததும் எல்லாமே ஒரு படி வெளுத்திருக்கும், வாட்டர்கலரின் குணம் அது. ஈரத்தில் சரியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் சோகையாகிவிடும். ஈரத்தில் சற்றுத் தூக்கலாகத் தெரிவதே காய்ந்தபின் சரியாக இருக்கும்.

முதல் பூவாகச் செம்பருத்தியைச் சொல்வேன், ஒற்றை அடுக்குச் சிவப்பு. வகுப்புகளில் எளிதான பூ என்று எதையாவது ஐந்து வட்டமாகப் போடச் சொல்வார்கள். செம்பருத்தி அவ்வளவு எளிதில்லை, ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கற்றுத்தந்துவிடும். காலையில் மலர்ந்ததைக் காம்போடு பறித்து, மைப்புட்டியில் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். மாலைக்குள் சுருண்டுவிடும், அதனால் பென்சில் வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பளீர்ச் சிவப்பைப் போன் கேமரா ஒரே தட்டையான சிவப்பாக்கிவிடும், இதழின் நரம்பும் மடிப்பும் அதில் தொலைந்துபோகும். வடிவத்துக்குப் போட்டோ உதவும், சிவப்புக்கு உதவாது.

இதழ்களை எண்ணினால் ஐந்து. எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வோர் இதழும் ஒரு பக்கத்து இதழின்மேல் ஏறி, மறுபக்கத்து இதழுக்கு அடியில் நுழைந்திருக்கும். முழுவதும் மேலே கிடக்கும் இதழும் இல்லை, முழுவதும் கீழே கிடக்கும் இதழும் இல்லை. மொட்டில் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டிருந்தது அவிழ்ந்ததால் வந்த ஒழுங்கு அது. பக்கத்தில் ஒரு மொட்டையும் வைத்துக்கொண்டால் முறுக்கு கண்ணெதிரே தெரியும். இந்த ஏறுவதும் நுழைவதும் சரியாக வந்துவிட்டால், மற்றதில் கொஞ்சம் பிசகினாலும் பார்க்கிறவர்கள் செம்பருத்தி என்பார்கள். அது தவறினால் நீங்கள் வரைந்தது காகிதப்பூ. நடுவிலிருந்து நீளும் தண்டின் மேல்பாதியில் மஞ்சள் மகரந்தப் பைகள் குட்டிக் காம்புகளில் நிற்கும். நுனியில் ஐந்தாகப் பிரிந்து ஐந்து சிவப்புப் பொட்டு. பூவைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். நேராக உங்களைப் பார்க்கும்படி வைத்தால் அந்தத் தண்டு மூக்கில் குத்துவதுபோல் வரும், தேர்ந்த கையையும் அழவைக்கும் கோணம். பூவின் பின்பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பச்சைக் கிண்ணமும், அதற்குக் கீழே மெல்லிய சிற்றிலைகள் ஒரு வட்டமாகவும் இருக்கும். மொட்டு வரையும்போது அவை வேண்டும்.

பென்சில் கோடு கண்ணுக்குத் தெரியாத அளவு லேசாக இருக்கட்டும். இப்போது நிறம். டியூபிலிருந்து சிவப்பை எடுத்துப் பூசாதீர்கள். நாங்கள் காலண்டர் அடிக்கும் நான்கு வண்ண அச்சில் சிவப்பு என்று தனியாக ஒரு மை கிடையாது. மஞ்சளின்மேல் மெஜந்தா ஏறினால் சிவப்பு. இரண்டு மையும் ஒளி ஊடுருவக்கூடியவை, அடியிலிருந்து வெள்ளைத் தாள் ஒளிர்வதால்தான் நிறம் உயிரோடு இருக்கிறது. வாட்டர்கலரும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஐந்து இதழிலும் இளமஞ்சளை நீர்த்த பூச்சாகப் போட்டு முழுக்கக் காயவிடுங்கள். புறங்கைச் சோதனை செய்துவிட்டு, ஓர் இதழை மட்டும் தண்ணீரால் நனைத்து, பளபளப்பு வந்ததும் குயினாக்ரிடோன் ரோஸை இதழின் அடியிலிருந்து விளிம்பு நோக்கி இழுங்கள். மஞ்சளின்மேல் ரோஸ் உட்காரும்போது எழும் சிவப்பு எந்த டியூபிலும் கிடையாது. வெளிச்சம் படும் மடிப்பில் ரோஸைக் குறைத்துவிட்டால் அங்கே ஆரஞ்சு தானாக நிற்கும். அடுத்ததாகப் பக்கத்து இதழுக்குப் போகாதீர்கள், இரண்டு ஈரம் தொட்டுக்கொண்டால் ஒன்றாகிவிடும். ஒன்றைத் தாண்டிய இதழுக்குப் போங்கள். ஐந்தில் அப்படி இரண்டுதான் முடியும், மற்றவை அவை காய்ந்தபிறகு.

இதழின் அடிப்பகுதி இருண்ட அரக்கு நிறத்தில் இருக்கும். ரோஸோடு துளி அல்ட்ராமரைன் கலந்து, இதழ் இன்னும் பளபளக்கும்போதே அங்கே வைத்துவிடுங்கள். நரம்புகளைக் கடைசியாக, காய்ந்த தாளில், அதே சிவப்பைச் சற்றுக் கெட்டியாக்கிப் பிரஷ் நுனியால் அடியிலிருந்து விசிறிபோல இழுங்கள். எல்லா நரம்பையும் வரைய வேண்டாம், மடிப்பில் ஓடுபவை போதும். மேலே கிடக்கும் இதழின் விளிம்புக்குக் கீழே, அடியில் நுழையும் இதழில் ஒரு மெல்லிய நிழல் கொடுங்கள். பூ தாளைவிட்டு எழுந்து நிற்பது அந்த ஒரு கோட்டில்தான். தண்டுக்கு முதலிலேயே இடம் விட்டிருந்தால் நல்லது. மறந்துவிட்டால், சுத்தமான ஈரப் பிரஷால் அந்த இடத்தைத் தேய்த்துத் துணியால் ஒற்றினால் பாதி நிறம் வந்துவிடும், முழு வெள்ளை வராது.

இலைக்கு டியூப் பச்சை வேண்டாம், பிளாஸ்டிக் இலையாகிவிடும். மஞ்சளும் தாலோ நீலமும் கலந்து, துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் கண்ணைக் கூசவைக்கும் அதன் பளிச்சு அடங்கும். செம்பருத்தி இலை வழுவழுப்பானது, வானத்தைக் காட்டும். மேல்பக்கத்தில் ஒரு பட்டையைக் கிட்டத்தட்ட வெள்ளையாகவே விட்டுவிடுங்கள்.

வெள்ளைப் பூவைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். வெள்ளை டியூப் வாங்க ஓடுகிறார்கள். நந்தியாவட்டையில் தொடங்குங்கள். ஐந்து இதழும் காற்றாடிபோல ஒரே பக்கம் திரும்பியிருக்கும், செம்பருத்தியில் பார்த்த அதே முறுக்கு. நான்கு வண்ண அச்சில் வெள்ளை மை கிடையாது, மை படாத தாள்தான் வெள்ளை. இங்கும் பூவைத் தொடாமல் சுற்றியுள்ள கரும்பச்சை இலைகளை வரைந்தால் பூ தானாக வெளியே வரும். பிறகு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த சாம்பலை, தண்ணீர்தானோ என்று சந்தேகம் வரும் அளவு நீர்த்து, இதழ் மையத்தில் மட்டும் தொடுங்கள். நிழலுக்கு இவ்வளவு போதுமா என்று தோன்றும்போது நிறுத்திவிடுங்கள், போதும்.

வகுப்புகளுக்கு நடுவே இலவசமாகக் கிடைக்கும் இன்னோர் ஆசிரியர் ஜோடி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் நம் மண்ணின் செடிகளை வரைந்தார்கள். வைட் அந்த ஓவியங்களைக் கல்லச்சில் சென்னையில் அச்சிட்டார். 1838 முதல் 1853 வரை வந்த ஐகோன்ஸ் என்ற அவருடைய தாவரப் படத் தொகுதிகளில் 2,101 படங்கள். கல்லச்சு எங்கள் ஆஃப்செட்டுக்குப் பாட்டன். இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்தே நடக்கின்றன. அதனால் எனக்கு அவற்றின்மேல் தனிப் பாசம். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணையநூலகத்தில் அந்தத் தொகுதிகளைப் புரட்டலாம். பெரும்பாலும் வண்ணமில்லாத கோட்டோவியங்கள் என்பது நமக்கு வசதி. இதழ் எங்கே மடிகிறது, காம்பு கிளையோடு எப்படிச் சேர்கிறது என்பது கோட்டிலேயே தெரியும். வரையத் தடுமாறும் செடியைத் தேடிப் பார்த்து, மெல்லிய தாளில் ஒரு தடவை டிரேஸ் எடுங்கள். பிறகு உயிருள்ள செடியைப் பார்த்து அதே கோணத்தில் வரையுங்கள்.

ஆன்லைனில் நேரலை வகுப்பில் சேர்ந்து ஆசிரியருக்குப் படம் அனுப்புவதாக இருந்தால், டியூப் லைட்டில் எடுக்காதீர்கள். வெயில் நேரே படாத ஜன்னலோரம், பகல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம், தாளின் வெள்ளை ஓரமும் படத்தில் தெரியட்டும். அந்த வெள்ளையை வைத்துத்தான் உங்கள் நிறம் எவ்வளவு திரிந்து தெரிகிறது என்பதை அவர் கணிக்க முடியும். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘அருமை’ என்ற பதில்தான் வரும். ‘இந்த மூன்றாவது இதழில் ஏன் கறை வந்தது?’ என்று கேளுங்கள். தோற்ற தாளையும் சேர்த்து அனுப்புங்கள், நல்ல ஆசிரியர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

நந்தியாவட்டைக்குப் பிறகு சங்குப்பூ. ஓர் அகன்ற இதழும் நடுவில் வெளிர் மஞ்சள் திட்டும்தான். அல்ட்ராமரைனில் துளி ரோஸ் கலந்தால் அந்த நீலம் கிடைக்கும். அடுத்து ஆவாரம்பூ. மஞ்சளுக்கு நிழல் கொடுக்கக் கறுப்பைத் தொட்டால் பச்சையாகிவிடும் என்பதால் பர்ன்ட் சியன்னாவில் நிழல் பழக அது நல்ல பூ. ரோஜாவைத் தள்ளிப்போடுங்கள், வீடியோக்களில் பாதி ரோஜாவாக இருந்தாலும். துலுக்கச் சாமந்தியையும் கோழிக்கொண்டையையும் அதற்கும் பின்னால் வையுங்கள். கோழிக்கொண்டையில் நான் இன்னும் தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உண்மை வேகத்தில் அதை வரைந்து காட்டும் வகுப்பு எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.